லயத்துப் பிள்ளைகள் லயம் பார்க்கப் போகிறார்கள்

றொசல்லயில் ஒரு பள்ளிக்கூடம் சுற்றுலா போகிறதென்றால் சங்கதி முதலில் எட்டுவது பேக்கரிக்குத்தான். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து அனுமதிக் கடிதம் வந்ததா வரவில்லையா என்பதெல்லாம் அதிபரின் கவலை. சீனி பணிஸுக்கும் மாலு பணிஸுக்கும் சொல்லிவைத்தாயிற்றென்றால் பயணம் உறுதி. அதற்கப்புறம் கடைவீதி முழுக்க ஒரே விசாரணை. எங்கே போகிறார்களாம்? நுவரெலியாவுக்கா? பேராதனைப் பூந்தோட்டத்துக்கா? தெஹிவளைக்கு யானை பார்க்கவா?

ஒரு லயத்துக்கு!

"லயமா?" என்றாள் ஆறாம் தரத்துச் சிறுமி ஒருத்தி. "நாங்க இருக்கிறதே லயந்தானே டீச்சர்? அதப் பாக்க பஸ்ஸுல வேற போவணுமா?"

டீச்சர் சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பில் ஏதோ இருக்கிறது என்று எனக்கு உடனே மூக்கில் வியர்த்துவிட்டது. சுற்றுலாக் கட்டுரை எழுதுகிறேன் பேர்வழி என்று அந்தக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டேன். பஸ்ஸில் எனக்குக் கிடைத்த இடம் சோத்துப் பார்சல் பெட்டிகளுக்கும் வாந்திப் பைகளுக்கும் நடுவே. கிசுகிசு சேகரிக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

சரி, எந்த லயம்? கம்பளைக்குப் பக்கத்தில் பரதெக்கவில், ஓல்ட் பீகொக் தோட்டத்தில் இருக்கிற பழைய லயம், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு. கண்டியைச் சேர்ந்த சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அதைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாகவும் ஆவணக் காப்பகமாகவும் ஆக்கியது. உலகத்தில் எந்த வீட்டை நூதனசாலை ஆக்குவார்கள்? ராஜா இருந்த வீடு, தலைவர் இருந்த வீடு, கவிஞர் பிறந்த வீடு. எட்டயபுரத்துக்குப் போனால் பாரதி பிறந்த வீட்டைக் காட்டுவார்கள். நம்ம ஹப்புத்தளைக்குப் போனால் சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிஷாம் பங்களாவில் அவருடைய நாற்காலியையும் புத்தக அலுமாரியையும் சப்பாத்தைக் கழற்றாத குறையாக நின்று பார்த்துவிட்டு வருவோம். அந்தத் துரைமாரின் பங்களாவுக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்தவர் எங்கே படுத்தார், எதில் சமைத்தார், மழைக்கு ஒழுகினபோது சட்டியை எந்த மூலையில் வைத்தார் என்று காட்ட ஒரு வீடு வேண்டாமா? அந்த வீடுதான் இது.

இப்போது டீச்சரின் அந்தச் சிரிப்புக்கு வருவோம். அதன் காரணத்தைப் பார்க்கத்தானே நான் வந்தது.

பயணத்துக்கு முந்தின நாள் பின்னேரம் ஆசிரியர் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். மேசை முழுக்கத் தகர மூடிகள். பால்மா டின் மூடி, பிஸ்கட் டின் மூடியிலிருந்து வெட்டின வட்டம், என்னென்னவோ. ஒரு சேர் சுத்தியலால் ஓரங்களைத் தட்டி மழுக்கிக்கொண்டிருக்கிறார், பிள்ளைகளின் கையைக் கிழிக்கக் கூடாதே. இன்னொரு டீச்சர் தன் சிவப்புக் கியூடெக்ஸ் போத்தலைத் திறந்து ஒவ்வொரு மூடியிலும் இலக்கம் எழுதுகிறார். 'ஆயிரத்துச் சொச்சம்' என்று பெரிய பெரிய இலக்கங்கள். வகுப்பில் இருப்பதோ நாற்பது சொச்சம் பேர். "ஏன் ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கலாமே?" என்றேன். "ஒண்ணு ரெண்டுன்னா பிள்ளைங்களுக்கு அது டாப்பு இலக்கம் மாதிரி தோணும். பெரிய இலக்கம் குடுத்தாத்தான், நமக்கு முன்னாடி இத்தனை பேர் போயிருக்காங்களான்னு கேப்பாங்க" என்றார் கியூடெக்ஸ் டீச்சர், தலையை நிமிர்த்தாமலே. மொத்த அறையிலும் நகப்பூச்சு நெடி. அதிபர் ஒரு தரம் உள்ளே வந்தார், மூக்கைச் சுளித்தார், ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த காலத்தில் ஒருவருக்கு ஒரு தகரத் துண்டு கொடுத்தார்கள். எந்தத் தோட்டத்துக்குரிய ஆள் என்பதைச் சொல்லும் இலக்கம் அதில் பொறித்திருக்கும். அந்தத் தகரம் இருந்தால் வழிச்செலவு தோட்டத்துக் கணக்கில் ஏறும். இறங்குகிற இடத்தில் ஆளின் பேரைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டு மறந்துவிடுவார்கள். ஆனால் பஸ்ஸில் ஏறும்போது கழுத்தில் நூல் கட்டின தகரம் ஒன்று விழுந்து, அன்று பூராவும் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாமல் "ஆயிரத்து நூத்திப் பதினேழு, ஜன்னலுக்கு வெளிய கைய நீட்டாத!" என்று அதட்டினால்?

மறக்க முடியுமா? காலையில் முதல் அரை மணி நேரம் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஒருவர் இலக்கத்தை ஒருவர் கூவிக் கூவிச் சிரித்தார்கள். வட்டவளை தாண்டியதும் ஒரு பையன், "சேர், என்னய பேரு சொல்லியே கூப்பிடுங்க சேர்" என்று மெல்லக் கேட்டான். சேர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கண்ணைக் காட்டினார், இன்னும் இல்லை என்று. பாருங்கள், இப்படி ஒரு சதி!

பாதையைப் பற்றி ஒரு வார்த்தை. றொசல்லயிலிருந்து கம்பளைக்கு ரயில் பாதை இருக்கிறது. 1884இல் ஹட்டன் வரை ஏறின அதே பாதைதான். அழகென்றால் அப்படியொரு அழகு. ஆனால் ரயிலின் நேரமும் பள்ளிக்கூடத்தின் நேரமும் ஒத்துவரவில்லை. ஆகவே பஸ், கினிகத்தேனை வளைவுகள், தேசிக்காய். தேசிக்காயை ஏன் முகரக் கொடுக்கிறார்கள் என்று அறிவியல் கேட்காதீர்கள். மலைநாட்டில் பஸ் ஏறுகிற ஒவ்வொரு தாயின் கையிலும் அது இருக்கும். முன் வரிசையில் இருந்த மூன்று பேருக்கு அது வேலை செய்தது. நாலாவது ஆளைப் பற்றி எழுதினால் அவன் என்னை மன்னிக்க மாட்டான்.

கம்பளைக்கு இறங்குகிறபோது டீச்சர் ஒலிவாங்கியை வாங்கி, பாட்டை நிறுத்தச் சொன்னார். (பின் வரிசை எதிர்ப்புத் தெரிவித்தது.) இந்த ஊரோடு நமக்கு என்ன உறவு தெரியுமா என்று கேட்டார். தேயிலைக்கு முந்தி கோப்பி. 1820களில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டது இங்கேதான், சிங்ஹாபிட்டியவில். அந்தக் கோப்பிக் காட்டுக்கு ஆள் வந்ததிலிருந்துதான் மலையகத் தமிழரின் கணக்கு தொடங்குகிறது. 2023இல் இருநூறு வருஷம் என்று நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்களே, முன்னோர் நடந்த அதே திசையில், அந்த இருநூறு இங்கிருந்து எண்ணினதுதான். பிறகு 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது, பத்திருபது வருஷத்தில் கோப்பி படுத்தது. அதற்கிடையில் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் போட்ட தேயிலை எழுந்து நின்றது. "கோப்பி செத்துச்சு, துரைமார் தப்பிச்சாங்க, நம்ம ஆளுங்க?" என்று டீச்சர் நிறுத்தினார். பஸ் முழுக்க மௌனம். பின்னாலிருந்து ஒரு குரல்: "கொழுந்துக்கு மாறிட்டாங்க டீச்சர்." அடடா, புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதுகிறதை மூன்று சொல்லில் முடித்துவிட்டான்.

வந்து சேர்ந்தோம்.

இப்போது கற்பனை செய்யுங்கள். கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வருகிறவர் இந்த வாசலில் நின்றால் கமெராவைத் தூக்குவார், "எவ்வளவு சின்னது!" என்பார். நம்ம பிள்ளைகள்? இறங்கின வேகத்தில் இஸ்தோப்பைப் பார்த்தார்கள், கூரைத் தகரத்தைப் பார்த்தார்கள், "இது தொங்க வீடு, அது நடு வீடு" என்று பங்கு பிரித்தார்கள், ஒருத்தி குந்தில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றவே தொடங்கிவிட்டாள். விருந்தாளியாக வந்த வீட்டில் செய்கிற காரியம் அது. நூதனசாலையில் யாரும் அப்படிச் செய்து நான் கண்டதில்லை. எனக்கு அங்கேயே துள்ளிக் குதிக்கத் தோன்றியது.

டீச்சரின் அடுத்த சதி: இரண்டு கயிறுகள். ஒன்று பத்தடி, ஒன்று பன்னிரண்டடி. முற்றத்தில் அந்த அளவுக்கு ஒரு செவ்வகம் போடச் சொன்னார். அதுதான் பழைய காம்பராவின் அளவு. "இப்ப இதுக்குள்ள ஒரு குடும்பம் படுக்கணும். அப்பா, அம்மா, தாத்தா, அப்பாயி, நாலு புள்ளைங்க. அடுப்புக்கு எடம் விடணும். வெறகுக்கு எடம் விடணும். ஆரம்பிங்க!"

எட்டுப் பேர் கயிற்றுக்குள் விழுந்தார்கள். காலும் தலையும் மாறி மாறி, ஒருத்தன் முழங்கை இன்னொருத்தன் விலாவில், வெளியே நிற்கிறவர்களெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பு. அப்போது ஒரு சின்னவன் உள்ளே நுழைந்தான், மேஸ்திரி தோரணையில் உத்தரவு போடத் தொடங்கினான். "தாத்தா உள்ள படுக்க மாட்டாரு. அவரு இஸ்தோப்புல, சாக்குக் கட்டிக்கிட்டு. இருமல்காரரு. நீ கதவுகிட்ட வா. நெறமாசக்காரி இருந்தா அடுப்புப் பக்கம் படுக்கணும், குளிருமுல்ல." எங்கிருந்து தெரியும் என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. கேட்க வேண்டியும் இருக்கவில்லை. அவன் வைத்தபடி படுத்தபோது எட்டுப் பேரும் அடங்கிவிட்டார்கள், ஒரு விறகுக் கட்டுக்கு இடமும் மிச்சம்!

இந்த ஒரு விளையாட்டுக்காகவே அந்தப் பஸ் வாடகை தகும் என்பேன்.

உள்ளே போனோம். சமையல் சாமான், அரைக்கிற கல், வேலைக் கருவிகள், வாத்தியங்கள், பழைய படங்கள், காகிதங்கள் என்று ஒரு சமூகம் கையால் தொட்டதெல்லாம். வேறெந்த நூதனசாலையிலும் பிள்ளைகள் வாயைப் பிளந்து நிற்பார்கள், வழிகாட்டி பேசுவார். இங்கே வழிகாட்டிக்கு வாய் திறக்க இடமில்லை. கவ்வாத்துக் கத்தியைப் பார்த்தால் "எங்க மாமாகிட்ட இருக்கு, இதவிட வளைவு கூட" என்கிறார்கள். மட்டக்கம்பைக் கண்டால் இடுப்பளவு காட்டிக் கொழுந்து மட்டம் பார்க்கிறார்கள். கறுப்புக் கம்பளியைப் பற்றிப் பேச்சு வந்ததும், நனைந்தால் அது என்ன நாறும் என்று மூன்று பேர் மூன்று விதமாக வருணித்தார்கள். அவற்றில் ஒன்றைக்கூட இங்கே அச்சிட முடியாது. தப்பைப் பார்த்ததும் விரல்கள் துறுதுறுக்க ஒருத்தன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான், பாவம். அவன் அப்பா காமன் கூத்துக்குத் தப்படிக்கிறவராம்.

இங்கேதான் திரைக்குப் பின்னால் கொஞ்சம் தலையை நீட்டலாம். நூதனசாலைப் பொருள் ஒன்றைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? (பார்க்க விடமாட்டார்கள், தெரியும்.) உலகமெங்கும் வழக்கம் என்னவென்றால், கண்ணுக்குப் படாத ஒரு மூலையில் முதலில் நிறமில்லாத வார்னிஷ் ஒரு பூச்சு. அது காய்ந்ததும் அதன் மேல் பொடி எழுத்தில் பதிவு இலக்கம். அதன் மேல் இன்னொரு பூச்சு. பொருளில் மை படாது, வேண்டுமென்றால் பூச்சோடு சேர்த்துக் கழற்றிவிடலாம். பதிவேட்டில் அதே இலக்கத்துக்கு நேரே யார் தந்தது, எந்தத் தோட்டம், எதற்குப் பயன்பட்டது என்று எழுதியிருக்கும். இதை நான் சொல்லி முடிக்கவும் ஆயிரத்து நூத்திப் பதினேழு தன் கழுத்துத் தகரத்தைத் தூக்கிப் பார்த்தான். "அப்போ அம்மிக்குக்கூட யாரு, எவருன்னு எழுதுவாங்களா? எங்களுக்கு நம்பர் மட்டுந்தானா?"

டீச்சருக்குக் காதுவரை சிரிப்பு. சதி பலித்துவிட்டது.

காகிதங்கள் இன்னொரு கதை. மலைநாட்டில் துணி காய்வதற்கே மூன்று நாள். காற்றில் ஈரம் 65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும் என்பது காப்பகக்காரர் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. மழைமாதத்தில் வட்டவளைப் பக்கம் அது எந்நேரமும் அதற்கு மேலேதான். போதாததற்கு ராமபாணப் பூச்சி. பசையும் மாவும் கண்டால் விடாது. பழைய பிறப்புப் பத்திரம், தொழிற்சங்க அட்டை, துண்டுப் பிரசுரம் எல்லாம் அதற்கு விருந்து. இதில் பிள்ளைகளுக்கு ஆகப் பிடித்தது ஒரு ரகசியம்: பழைய காகிதத்தைத் தொட வெள்ளைக் கையுறை வேண்டும் என்று சினிமாவில் காட்டுவது பெரும்பாலும் சும்மா. கையுறைத் துணி ஓரத்தில் மாட்டிக் கிழித்துவிடும், விரலுக்கு உணர்ச்சியும் தெரியாது. நன்றாகக் கழுவிக் காயவைத்த கைதான் நல்லது. உடனே எல்லாரும் தண்ணீர்க் குழாயடிக்கு ஓட்டம். கழுவச் சொன்னது யாருமில்லை.

ஏன் இந்தக் காகிதங்களுக்கு இவ்வளவு பாடு? 1948இல் பிரஜாவுரிமை பறிபோன சனம் இது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் எழுதி, இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பிரித்தார்கள். எந்த வருஷம் எங்கே பிறந்தாய் என்ற ஒரு தாளுக்காகக் குடும்பங்கள் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டித் தேடின காலம். ஆகவே பெட்டிக்குள் காகிதம் சேர்த்துவைக்கிற பழக்கம் எங்கள் அப்பாயிமாரின் பழக்கம். எங்கள் பக்கம் ஆவணக் காப்பாளர் என்ற உத்தியோகம் அதற்குப் பிறகு வந்தது.

படங்களுக்கு முன்னால் கூட்டம் நகர்ந்தது. தலைவர் படம் என்றால் பிள்ளைகளுக்குக் கொட்டாவி. அது எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளது, குறை சொல்லக் கூடாது. சேர் அதைத் தெரிந்துவைத்திருந்தார். கோ. நடேசய்யரைப் பற்றி அவர் தொடங்கின விதம் இப்படி: "அந்தக் காலத்துல தோட்டத்துக்குள்ள வெளியாள் யாரும் நொழைய முடியாது. ஆனா புடவை விக்கிறவன் நொழையலாம். அப்ப இவரு என்ன செஞ்சாரு?" கொட்டாவி நின்றது. "புடவ மூட்டையைத் தூக்கிக்கிட்டாரா?" "தூக்கிக்கிட்டாரு!" அவ்வளவுதான். மாறுவேடம் என்றதும் நடேசய்யர் அவர்களுக்குக் கதாநாயகன் ஆகிவிட்டார். பத்திரிகை நடத்தினது, 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினது, எல்லாம் அந்த மூட்டைக்குப் பின்னால் தானாக வந்தன. ஹட்டன் என்றதும், "நம்ம ஹட்டனா?" என்று ஒரு கூச்சல். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டெழுதி, கூட்டத்துக்குக் கூட்டம் தானே பாடி ஆள் சேர்த்தவர் என்று கேட்டதும் பெண்பிள்ளைகள் பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பேருந்தில் பாட்டை நிறுத்தினதற்கு எதிர்ப்புத் தெரிவித்த பின்வரிசைக் கோஷ்டி, "பாத்தீங்களா டீச்சர், பாட்டுன்னா சும்மா இல்ல" என்று பழி தீர்த்துக்கொண்டது.

முல்லோயா கோவிந்தன் பேரும் வந்தது. 1940 ஜனவரியில் சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சூட்டில் செத்தவர். அதை சேர் இரண்டு வரியில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். அங்கே அதற்கு மேல் பேசாமல் விட்டது சரி என்றுதான் எனக்குப் பட்டது.

பிறகு பெரட்டு, அதாவது தோட்டத்தில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கிற சடங்கு! இதைத்தான் நான் காலையிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, வகுப்பில் ஆக உயரமான பெண்ணைக் கங்காணி ஆக்கினார்கள். வகுப்பின் பெரிய குறும்பன் துரை. பத்திரிகைத் தாளில் தொப்பி, பஸ்ஸிலிருந்து சுட்ட குடை ஒரு கைத்தடி. கணக்கப்பிள்ளைக்கு ஒரு சின்னப் பெண், டாப்புக் கொப்பியைச் செக்றோல் ஆக்கி இலக்கம் இலக்கமாகக் கூப்பிட்டாள். தாமதமாக வந்தவனைத் துரை விரட்டினான். நிறை குறைந்தவளுக்குக் கணக்கப்பிள்ளை ஈவிரக்கமில்லாமல் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டாள். "எனக்கா அரைப்பேரு? தண்ணி நனைஞ்ச கொழுந்துன்னு நீ கழிச்சது எத்தன கிலோ?" என்று அவள் இடுப்பில் கை வைத்துச் சண்டைக்கு வந்தாளே பார்க்க வேண்டும்! அந்த வசனம் ஒத்திகை பார்த்து வந்ததில்லை. அம்மாவின் வாயிலிருந்து நேரே வந்தது. துரைக்கே பயம் வந்து தொப்பியைக் கழற்றிவிட்டான்.

நியூயோர்க்கில் இப்படி ஒரு வீடு இருக்கிறது. ஓர்ச்சர்ட் தெரு 97ஆம் இலக்கம். 1863இல் கட்டின குடியிருப்பு. ஏழைக் குடியேறிகள் குடும்பம் குடும்பமாக ஒண்டிக்கிடந்த இடம். 1935இல் ஆட்களை வெளியேற்றி மாடிகளைப் பூட்டினார்கள். 1988இல் நூதனசாலைக்காரர்கள் அங்கே புகுந்தார்கள். அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறார்கள் தெரியுமா? 1916இல் அந்த வீட்டில் உண்மையாகவே இருந்த விக்டோரியா கொன்ஃபினோ என்ற பதினான்கு வயதுப் பெண்ணாக ஒருவர் வேடம் போட்டு வீட்டுக்குள் இருப்பார். வருகிற பிள்ளைகள் புதிதாகக் கப்பலிறங்கினவர்களாக நடிக்க வேண்டும். சந்தை எங்கே, வேலை கிடைக்குமா, பள்ளிக்கூடத்தில் அடிப்பார்களா என்று அவளிடம் கேட்க வேண்டும். அற்புதமான ஏற்பாடு. அங்கே அதற்குப் பயிற்சி பெற்ற நடிகர் வேண்டியிருக்கிறது, உடுப்பு தைக்க வேண்டியிருக்கிறது. எங்களுக்கு அந்தச் செலவே இல்லை, வசனம் வீட்டிலேயே இருக்கிறது.

சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவும் பிள்ளைகளுக்குப் பேர்போன இடம்தான். 1996இல் திறந்தது. இடிபட இருந்த பழைய வீடுகளைப் பகுதி பகுதியாகக் கழற்றிக் கொண்டுவந்து திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டுத் தூணைக் கட்டிப் பிடித்துவிட்டு, குயவர் சக்கரத்தில் களிமண்ணைப் பூசிக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்கு அது திருவிழா. பட்டணத்துப் பிள்ளைகளுக்கு அங்கே கிடைப்பது அவர்கள் காணாத வீடு. கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டின தேயிலைத் தொழிற்சாலை 2001இலிருந்து தேயிலை நூதனசாலை. ரோலர்களும் எஞ்சின்களும் பளபளவென்று நிற்கும், மேல் மாடியில் தேத்தண்ணி குடிக்கலாம். அதுவும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் ஒரு ஸ்டோரை ஓட்ட மெஷின் போதாது என்பது பரதெக்கவுக்கு வந்தால்தான் தெரியும். ஒரே நாளில் இரண்டையும் காட்டுகிற பள்ளிக்கூடத்துக்கு நான் தேசிக்காய் வாங்கித் தருகிறேன்.

புகழ்ந்துகொண்டே போகிறேன் என்று நினைக்க வேண்டாம், ஒரு முறைப்பாடு இருக்கிறது. பள்ளிக்கூடங்களுக்கு இந்தப் பயிற்சித் தாள் வியாதி எப்போது விடுமோ! "நீர் கண்ட பொருட்களுள் ஐந்தின் பெயர் எழுதுக." பையன் தாளையும் பேனையையும் பார்த்துக்கொண்டு நடந்தால் பொருளை எப்போது பார்ப்பது? இந்தக் குழுவிலும் அந்தத் தாள் இருந்தது, மேலிடத்துக்குக் காட்ட. டீச்சர் அதைப் பஸ்ஸிலேயே நிரப்ப வைத்துவிட்டார், போகும்போதே! பார்க்கிறதற்கு முந்தியே ஐந்து பொருளின் பேரும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. லயத்துப் பிள்ளைகள் அல்லவா.

சாப்பாட்டு நேரத்தில்தான் அந்தக் கேள்வி வந்தது. சோத்துப் பார்சலைப் பிரித்து, பருப்பும் நெத்தலியும் வாசம் வீச எல்லாரும் குந்தியிருக்கையில் அந்த மேஸ்திரிச் சின்னவன் கேட்டான். "டீச்சர், எங்க லயத்த எப்ப மியூசியம் ஆக்குவாங்க?"

"ஏன்டா, பேரு வாங்கணுமா?" என்றாள் ஒருத்தி.

"இல்ல, மியூசியம் ஆக்கினா நம்மள வேற வீட்டுக்கு அனுப்பணுமுல்ல."

2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து, ஏற்கெனவே சொன்ன 4,000 வீட்டோடு இன்னும் 10,000 வீடு என்று அறிவித்தபோது இந்தச் சின்னவன் கைக்குழந்தையாக இருந்திருக்கலாம், பிறக்காமலும் இருந்திருக்கலாம். தனி வீடு கிடைத்த குடும்பங்கள் உண்டு. அவன் குடும்பம் இன்னும் லயத்தில். டீச்சர் கருவாட்டு முள்ளை எடுக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் தலை குனிந்திருந்தார். பிறகு, "நீ படிச்சு அந்த இலாகாவுக்கே பெரிய சேரா வா, மொத ஃபைல் அதுவா இருக்கட்டும்" என்றார். அவன் அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டதை நான் பார்த்தேன். சத்தியமாக.

திரும்பி வந்த மறுவாரம் அடுத்த கட்டம். வீட்டிலிருந்து ஆளுக்கொரு பழைய பொருளைக் கொண்டுவந்து பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு கண்காட்சி. இப்போது அதன் திரைமறைவுதான் சூடாகப் போய்க்கொண்டிருக்கிறது. குப்பி லாம்பு ஏழெட்டு வந்துவிட்டது, இனி வேண்டாம் என்று டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஒருத்தன் தாத்தாவின் பழைய பற்றுச்சீட்டுகளைக் கொண்டுவந்தான். அப்பா தேடி ஓடி வந்து பள்ளிக்கூட வாசலிலேயே திரும்ப வாங்கிப் போய்விட்டார், வழக்குக்கு வேணுமாம். கவ்வாத்துக் கத்தி கொண்டுவந்தவனை அதிபர் தன் அறையில் உட்காரவைத்திருக்கிறார், கத்தியும் அங்கேதான். கியூடெக்ஸ் டீச்சர் புதுப் போத்தல் வாங்கியாயிற்று. இந்தத் தடவை இலக்கத்துக்குப் பக்கத்தில் கொடுத்தவர் பேர், தோட்டத்துப் பேர், பொருள் எந்த ஊரிலிருந்து கப்பலேறி வந்தது என்ற விபரம் எல்லாம் எழுதவேண்டுமென்று பிள்ளைகளே தீர்மானம் போட்டிருக்கிறார்கள்.

பெரிய சிக்கல் அம்மியில்தான். நூறு வருஷமாவது இருக்கும் என்று சொல்லப்படுகிற, நடுவே பள்ளம் விழுந்த கல் ஒன்று ஒரு அப்பாயியின் வீட்டில் இருக்கிறது. கண்காட்சியின் நடுமேசையில் வைக்க டீச்சருக்கு அதன்மேல் கண். கேட்டனுப்பினார். அப்பாயி மறுத்தனுப்பினார். டீச்சரே நேரில் போனார். நானும் பின்னாலேயே போனேன், விடுவேனா?

"பழைய சாமான்தானே அப்பாயி, ரெண்டு நாளைக்குத் தாங்க."

"பழைய சாமானா? காலையிலதான் அதுல சம்பல் அரச்சேன். அதக் குடுத்துட்டு ரெண்டு நாளைக்கு ரொட்டிக்கு எதத் தொட்டுக்கிறது டீச்சரம்மா?"

பேச்சுவார்த்தை இரண்டு கோப்பை சாயத்தண்ணி நேரம் நீண்டது. முடிவில் ஓர் உடன்படிக்கை. அம்மி வரும், ஆனால் அப்பாயியோடு வரும். கண்காட்சி நடக்கிற நேரமெல்லாம் அவர் அதில் அரைத்துக்கொண்டிருப்பார். தொட வேண்டுமென்கிற பிள்ளை கையைக் கழுவிக்கொண்டு வந்து அரைக்கலாம், சும்மா பார்த்துக்கொண்டு நிற்க இடமில்லை. தேங்காய் பள்ளிக்கூடத்துச் செலவு. கல்லைத் தூக்க நாலு பெரிய பையன்கள், திரும்பக் கொண்டுபோய்ப் போடவும் அதே நாலு பேர். கடைசி நிபந்தனையாக, மிக்சியில் அரைத்த சம்பல் ஒரு தட்டு பக்கத்தில் வைத்து, இரண்டையும் தின்றுபார்த்து எது ருசி என்று அதிபர் ஒலிவாங்கியில் சொல்ல வேண்டும்.

மற்றதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டாயிற்று. கடைசி நிபந்தனைக்கு அதிபர் இன்னும் சம்மதிக்கவில்லை. மிக்சி அவர் வீட்டம்மாவுடையதாம்.